வழுக்கையாற்றங்கரையில் எத்தனை வகை?



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லையென்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆயினும், மாரியில் மட்டும் ஓடுகின்ற ஒன்று நமக்கு உண்டு. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, கந்தரோடை, சங்குவேலி, மானிப்பாயின் மேற்குப்புறம், நவாலி என வயல்களூடாக இறங்கி, அராலியில் கடலேரியைச் சேரும் வழுக்கையாறே அது. கோடையில் பார்ப்போர் அதை வெறும் வாய்க்கால் என்றே எண்ணுவர்.

ஆற்றோரக் காடு எப்படியிருக்கும் என அறிய விரும்புவோர், மடு யாத்திரையின்போது சற்று விலகி அருவியாற்றங்கரையைப் பார்க்கலாம். அங்கே பருத்த மருதமரங்கள் வேரால் கரையைக் கவ்வி நிற்கின்றன. நம் குடாநாட்டு நீர்க்கரைகளுக்கு அவ்வளவு பெரிய காடு இல்லை. மருது, நாவல், தாழம்பற்றை, அவற்றின் அடியில் கோரை, நீர்முள்ளி, வல்லாரை, உவர்நீர் ஏறும் இடத்தில் கண்ணா என்று ஒடுங்கிய பச்சைக்கோடுதான் அவற்றுக்கு உரியது.

இத்தனை வகை எதற்கு, மருதை மட்டும் நட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. மருதின் ஆழ்ந்த வேர் கரையைப் பிடிக்கும்; ஆனால் முதல் வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து, சேற்றைப் படியச் செய்வது கோரைதான். வயலிலிருந்து வரும் உரச்சத்தின் ஒரு பகுதியை இச்செடிகளும் அவற்றின் வேரடி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் எடுத்துக்கொள்கின்றன. வேகம் தணிந்த நீர் மெல்லக் கீழிறங்குகிறது. நமது நிலமோ சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளூடாக இறங்குவதெல்லாம் நாம் குடிக்கும் கிணற்றுக்கே வந்து சேரும்.

இது வெறும் ஊகமன்று. சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றுப்புறக் கிணறுகளில் கலந்ததும், உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்ததும் அறிவீர்கள். எண்ணெயைக் கோரை தடுக்காது என்பது உண்மையே. நிலத்தில் ஊற்றியது நிலத்தோடு நின்றுவிடாது என்பதற்காகவே அதைச் சொல்கிறேன்.

கரையை மண்ணிட்டு நிரப்பி மதில் எழுப்புவதும், குப்பை கொட்டுவதும் இப்பச்சைக்கோட்டை அறுக்கின்றன. வெறுமையான இடத்தில் பார்த்தீனியம் புகுந்துவிடும். 1987இல் இந்திய அமைதிப்படைக்கென வந்த ஆடுகளோடு அது இலங்கைக்கு வந்ததாகப் பரவலாகச் சொல்வர். ஆகாயத்தாமரையோ இன்னும் பழைய விருந்தாளி. அதை ஒழிக்க 1909இலேயே இலங்கையில் சட்டம் இயற்றினார்கள்!

மாரி ஓய்ந்ததும் பிள்ளைகளுடன் கரையோரம் முப்பது அடி நீளத்தை அளந்து, அங்குள்ள செடி வகைகளை எண்ணுங்கள். பெயர் தெரியாதவற்றை ஊர்ப் பரியாரியாரிடமோ வயோதிபரிடமோ கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் எண்ணுங்கள். பார்த்தீனியத்தைக் கண்டால் பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் அரிக்கும்.