‘எழுதிய பேனா’ ஆங்கிலத்தில்

‘எழுதிய’ என்னும் பெயரெச்சம் ஒன்றே மாணவி, பேனா, கடிதம், நாள் ஆகிய எப்பெயரையும் தழுவும். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என ஆறனையும் பெயரெச்சம் கொள்ளும் என்பது நன்னூல் இலக்கணம். ஆங்கிலத்திலோ ரிலேட்டிவ் ப்ரொனவுன் பெயருக்குப் பின்னே வருவதோடு, உறவையும் வெளிப்படக் காட்டவேண்டும். மாணவிக்கு ‘ஹூ’, கடிதத்திற்கு ‘விச்’ போதும். பேனாவிற்கு ‘வித் விச்’ வேண்டும். நம் பிள்ளைகள் விட்டுவிடுவது அந்த ‘வித்’தையே. வேலை விண்ணப்பத்தில் ‘தி ஸ்கூல் விச் ஐ ஸ்டடீட்’ என்றெழுதினால், பள்ளியில் பயின்றதாக அன்று, பள்ளியையே ஆராய்ந்ததாகப் பொருள்படும்!

பிள்ளைகளைத் தொடரை விரித்துச் சொல்லச் செய்க. ‘பேனாவால் எழுதினேன்’: ‘ஆல்’ உருபு தோன்றின் ‘வித் விச்’. ‘பள்ளியில் படித்தேன்’: ‘இல்’ தோன்றின் ‘இன் விச்’; ஈண்டு ‘வேர்’ என்பதும் பொருந்தும். ‘கடிதத்தை எழுதினேன்’ என ‘ஐ’ வரின் ‘விச்’ தனித்தே நிற்கும்.