குவாண்டம் நிலைகளும் பொதுவிதி சிறப்புவிதியும்

சென்ற விடுமுறையிற் கல்லலில் இருந்த நாளில், பௌதிகம் பயிலும் நண்பரொருவர் தாம் பைதான் மொழியில் எழுதிய நிரலொன்றை வீட்டு முகப்பில் அமர்ந்து நமக்குக் காட்டினார். குவாண்டம் நிலைகளை எண்களாக்காமற் குறியீடுகளாகவே வைத்துக் கணக்கிடுவது அதன் நோக்கம். வெவ்வேறு நிலைகள் இரண்டின் உட்பெருக்கம், அதாவது ஒன்று மற்றொன்றிற் கலந்திருக்கும் அளவு, யாதெனக் கேட்டால் சுழியம் என்றே விடை வந்தது. எவ்விரண்டைக் கேட்பினும் சுழியமே! பிழையைத் தேடியபோது, தமிழ் இலக்கணம் பயில்வோர் நன்கறிந்த செய்தியொன்று அங்கே மறைந்திருக்கக் கண்டோம்.

டிராக் என்னும் பேரறிஞர் 1939-ஆம் ஆண்டில், நிலையைக் குறிக்கக் 'கெட்' என்னும் குறியையும், அதன் இணையாகப் 'பிரா' என்னும் குறியையும் வகுத்தளித்தார். பிரா முன்னும் கெட் பின்னும் நின்றால் விளைவது ஓர் எண். கெட் முன்னும் பிரா பின்னும் நின்றாலோ விளைவது எண்ணன்று. பிற நிலைகளின்மேல் தொழிற்படும் செயற்குறி. பொன் நிலைமொழியாகவும் குடம் வருமொழியாகவும் நின்றால் பொற்குடம்; இடம் மாற்றினால் அப்பொருள் போயிற்றன்றோ? ஆதலின் வரிசை மாற்றலாகாது என்பதை நிரலுக்கு முதலிலேயே உணர்த்தல் வேண்டும்.

சிம்பை என்னும் இலவச நிரற்றொகுதி இதனை அழகுறச் செய்கிறது. கணிப்பொறியார் 'கிளாஸ்' என்பதை நாம் வகுப்பு என்போம். நிலைகள் அனைத்திற்கும் தாய் வகுப்பு ஒன்று. அதன் வழித்தோன்றல்களாகக் கெட், பிரா வகுப்புகள். அவற்றின் வழியே ஒவ்வொருவகை நிலைக்கும் தனி வகுப்பு. ஒவ்வொரு கெட்டுக்கும் ஒரு பிரா உண்டு என்பது பொதுவிதி. உட்பெருக்கத்தின் மதிப்பு யாது என்பதோ அந்தந்தச் சேய் வகுப்பே கூறத்தக்க சிறப்புவிதி.

நண்பர் சிறப்புவிதியைப் பொதுவிதியாக்கிவிட்டார். ஃபோட்டான் எண்ணிக்கை திட்டமாயுள்ள நிலைகளில், எண்ணிக்கை ஒத்தால் 1, ஒவ்வாவிடின் 0 என்பது மெய்யே. அதனைத் தாய் வகுப்பில் எழுதினமையால், லேசர் ஒளிக்குரிய ஓரியல் நிலைகளும் அதற்கு உட்பட்டன. ஓரியல் நிலைகள் எவ்விரண்டும் ஒன்றையொன்று முற்றும் விலக்கா. அவற்றைக் குறிக்கும் எண்கள் 1, 2 எனின் உட்பெருக்கம் ஏறத்தாழ 0.607.

இவ்வேறுபாடு சிறிதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற இ. சி. ஜி. சுதர்சன், ஒளிக்கற்றையின் நிலையை ஓரியல் நிலைகளைக் கொண்டே மூலைவிட்ட வடிவில் எழுதலாமென 1963-இற் காட்டினார். ஒன்றையொன்று விலக்காத அந்நிலைகள் தேவைக்கு மேற்பட நிறைந்திருப்பதே அதற்கு இடந்தந்தது. சுழியமெனக் கொண்டால் அத்தகைய கணக்கு முழுதும் பழுதாகும். எச்சரிக்கையோ ஒன்றும் வாராது.

இன்னுமொன்று நம் மனத்தைக் கவர்ந்தது. ஒரு ஃபோட்டானை நீக்கும் செயற்குறி ஓரியல் நிலையைச் சாரின், அந்நிலை மாறாது நின்று தன் எண்ணை மட்டும் முன்னே தருகிறது. ஃபோட்டானைச் சேர்க்கும் செயற்குறி சாரின் அத்துணை எளிய விதி இல்லை. அங்கே சிம்பை யாதும் கூறாமற் கோவையை வந்தபடியே விட்டுவைக்கிறது. எண்களாற் கணிக்கும் நிரல் ஏதேனும் ஒரு விடை கூறியே தீரும். குறியீட்டு நிரலுக்கோ வாய்மூடியிருக்கும் உரிமை உண்டு. (தேர்வெழுதும் நமக்கு அவ்வுரிமை இல்லாதது வருத்தமே.)

நண்பர் அவ்விதியைத் தாயிடமிருந்து பெயர்த்து, ஃபோட்டான் எண்ணிக்கை நிலைக்குரிய சேயிடம் வைத்தார்; ஓரியல் நிலைக்கு வேறு விதி எழுதினார். விளக்கேற்றும் வேளையில் நிரலை மீண்டும் இயக்கினோம். விடை தசமமாக வரவில்லை. இயல் மடக்கையின் அடியெண், மைனஸ் அரையை அடுக்காகக் கொண்டு, குறியீடாகவே வந்து நின்றது.