கம்ப்யூட்டரில் கிட்டார் பாடம்: பன்னிரண்டு வரை எண்ணத் தெரியுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில நாள் படம் பார்ப்பார்கள், சில நாள் கேம் விளையாடுவார்கள். பிறகு "இதில் உருப்படியாக என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். பாட்டில் ஆசை உள்ளவர்களுக்கு இந்த மாதம் ஒரு பதில் இருக்கிறது. காசு வேண்டாம், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஒரு பிரவுசரும் ஒரு ஹெட்போனும் போதும்.

நான் தண்டலத்தில் வாடகை அறையில் இருக்கிறேன். என் அறை நண்பர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வாரம் ஒரு ஷிப்ட். பழைய கிட்டார் ஒன்றை வாங்கி, சென்னையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். நைட் ஷிப்ட் முடித்து வந்து பஸ்ஸில் தூங்கிப் போனதில் இரண்டு வகுப்பு போயிற்று. நான்காம் வாரத்தோடு நின்றுவிட்டார். கிட்டார் ஆணியில் தொங்கியது.

அவருடைய ஆசை சின்னதுதான். ஊரில் அவர் அம்மா சமைக்கும்போது பாடும் ஒரு பழைய பாட்டுக்கு, பொங்கல் விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டார் வாசிக்க வேண்டும். அந்தப் பாட்டின் கார்டுகள் சி, எஃப், ஜி என்று ஒரு புத்தகத்தில் இருந்தன. விரல்களும் பழகிவிட்டன. ஆனால் போனில் அம்மா பாட, இவர் வாசிக்க, இரண்டும் ஒட்டவே இல்லை. "எனக்கு இது வராதுண்ணே" என்றார்.

குறை அவர் விரலில் இல்லை. அம்மாவின் சுருதி வேறு, புத்தகத்தின் சுருதி வேறு. இதைச் சரிசெய்ய உதவும் கணக்குக்குத்தான் தியரி என்று பெயர். அதைக் கற்க நாங்கள் பயன்படுத்தியது குரோம் மியூசிக் லேப்.

குரோம் மியூசிக் லேப் என்றால் என்ன?

கூகுள் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட இசைப் பயிற்சித் தளம் இது. கூகுள் தேடலில் இந்தப் பெயரைக் கொடுத்தாலே கிடைக்கும். பெயரில் குரோம் இருந்தாலும் ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசரிலும் திறந்து பார்க்கலாம். பெயர், பாஸ்வேர்ட் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

இதன் முதல் பயிற்சிகள் ஓப்பன் சோர்ஸ் முறையில் வெளியிடப்பட்டவை. ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம் என்று மட்டும் பொருள் அல்ல. புரோகிராமின் மூல வரிகளை யாரும் பார்க்கலாம். லைசென்ஸ் நிபந்தனைக்கு உட்பட்டு நகல் எடுத்து மாற்றலாம். சமையல்காரர் சாப்பாட்டோடு செய்முறையையும் எழுதிக் கொடுப்பது போல. இந்தத் தளத்தின் செய்முறை கிட்ஹப்பில் இருக்கிறது. நாளை ஒரு மாணவர் இதில் ச ரி க ம என்று தமிழில் பெயர் சேர்க்க விரும்பினால் அதற்கு வழி உண்டு.

முன்பு பிரவுசரில் இசை எழுப்ப ஃபிளாஷ் போன்ற தனி புரோகிராம் தேவைப்பட்டது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பரோடு முடிந்தது. இப்போது வெப் ஆடியோ என்ற வசதி பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. ஒலி உங்கள் கம்ப்யூட்டரிலேயே உருவாகிறது.

முதல் பாடம்: கம்பி

தளத்தில் ஸ்ட்ரிங்ஸ் என்ற படத்தைக் கிளிக் செய்யுங்கள். முழுக் கம்பியும், வெவ்வேறு இடங்களில் பிரிக்கப்பட்ட கம்பிகளும் தெரியும். முதலில் முழுக் கம்பியை மவுஸால் மீட்டுங்கள். பிறகு பாதிக் கம்பியை மீட்டுங்கள். அதே ஸ்வரம், ஆனால் மேல் ஸ்தாயியில் கேட்கும்.

கிட்டார் வைத்திருப்பவர்கள் ஒரு டேப்பை எடுத்துக் கம்பியை அளந்து பாருங்கள். நீளம் 65 செ.மீ. என்றால் 12-வது ஃபிரெட் ஏறக்குறைய 32.5 செ.மீ.யில் இருக்கும். சரி பாதி! கீழ் ச-வுக்கும் மேல் ச-வுக்கும் இடையே 12 படிகள். ஒரு ஃபிரெட் நகர்ந்தால் ஒரு படி. 7-வது ஃபிரெட்டில் அழுத்தினால் ஒலிப்பது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கம்பி. திறந்த கம்பியை ச என்று வைத்தால் அங்கே கிடைப்பது ப.

கர்நாடக இசையின் 12 ஸ்வரஸ்தானங்களும் இந்த 12 படிகளோடு பொருந்துபவைதான். மேல்நாட்டார் மேஜர் ஸ்கேல் என்று சொல்வதன் ஸ்வரங்கள் நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். கமகம் மட்டும் எண்ணிக்கையில் அடங்காது. அதைக் குருவிடம்தான் கற்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: கார்டு

ஒரு தாளில் இப்படி எழுதிக் கொள்ளுங்கள்:

சி 0, சி ஷார்ப் 1, டி 2, டி ஷார்ப் 3, இ 4, எஃப் 5, எஃப் ஷார்ப் 6, ஜி 7, ஜி ஷார்ப் 8, ஏ 9, ஏ ஷார்ப் 10, பி 11.

இப்போது கார்ட்ஸ் என்ற பயிற்சியைத் திறங்கள். பியானோ கட்டைகள் தோன்றும். மேஜரைத் தேர்வு செய்து சி கட்டையைக் கிளிக் செய்தால் மூன்று கட்டைகள் சேர்ந்து ஒலிக்கும். அவற்றின் எண்கள் 0, 4, 7. மைனருக்கு மாற்றினால் 0, 3, 7. நடு எண் ஒன்று குறைந்ததும் மகிழ்ச்சி சோகமாக மாறுவது போல் இருக்கும். எந்தக் கட்டையில் தொடங்கினாலும் இந்த இடைவெளி மாறாது.

மூன்றாம் பாடம்: சுருதி மாற்றம்

நண்பர் அம்மாவை மறுபடி போனில் பாடச் சொன்னார். பாட்டின் முடிவில் குரல் எங்கே போய் நிம்மதியாக நிற்கிறதோ, அதுவே பெரும்பாலும் ஆதார சுருதி. கார்ட்ஸ் பயிற்சியில் ஒவ்வொரு கட்டையாக ஒலிக்கவிட்டுத் தேடினோம். ஏ கட்டையில் பொருந்தியது.

புத்தகத்தில் சி, அம்மாவிடம் ஏ. பட்டியலில் மூன்று படி கீழே. எனவே எல்லாக் கார்டிலும் மூன்றைக் கழிக்க வேண்டும். எஃப் 5, மூன்று போனால் 2, அது டி. ஜி 7, மூன்று போனால் 4, அது இ. சி 0 ஆயிற்றே, என்ன செய்வது? கடிகாரம் போல நினையுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் 12 கூட்டுங்கள். 9, அதாவது ஏ. ஆகவே சி, எஃப், ஜி என்பது ஏ, டி, இ ஆகிவிட்டது. மூன்றும் கிட்டாரில் சுலபமான கார்டுகள்!

உங்கள் வீட்டுக் குரல் ஏ ஷார்ப்பில் நின்றால்? முதல் ஃபிரெட்டில் கேப்போ என்ற கிளிப்பை மாட்டிவிட்டு அதே ஏ, டி, இ வடிவங்களை வாசியுங்கள்.

சில எச்சரிக்கைகள்

1. "இலவச கிட்டார் சாஃப்ட்வேர்" என்று தெரியாத தளங்கள் தரும் பைல்களை டவுன்லோட் செய்யாதீர்கள். வைரஸ் வரலாம்.

2. ஹெட்போனில் ஒலியைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். பக்கத்தில் நைட் ஷிப்ட் முடித்தவர் தூங்கிக் கொண்டிருக்கலாம்.

3. விரல் வைக்கும் முறையையும் தாளத்தையும் இந்தத் தளம் திருத்தாது. வாய்ப்புக் கிடைத்தால் ஓர் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

இஞ்சினியரிங் படித்தால் இசை வராது என்பதும் தவறு. கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் ராணிப்பேட்டை பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்பு படித்தவர்.

என் நண்பர் பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தார். இரண்டு இடத்தில் தப்பாகிவிட்டதாம். அம்மா நிறுத்தாமல் பாடி முடித்துவிட்டு, "அடுத்த பாட்டு என்ன?" என்று கேட்டாராம். இப்போது கிட்டார் ஆணியில் இல்லை, கட்டிலில் இருக்கிறது. அடுத்த பாட்டுக்கான எண்களை அவரே தாளில் எழுதிக் கொண்டிருக்கிறார்.

நீங்களும் இன்றே முயன்று பாருங்கள். முதலில் உங்கள் வீட்டில் பாடுபவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அவர் குரல் நிற்கும் கட்டையைத் தேடுங்கள். மீதி, பன்னிரண்டு வரை எண்ணுவதுதான்.