சாணத் தொட்டிக்கு அரசின் பங்கு: விஸ்கான்சின் பால் பண்ணைகள் மானியம் பெறும் வழி

கறவையில் இருக்கும் ஹோல்ஸ்டீன் பசு ஒன்று சாணமும் மூத்திரமுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 68 கிலோ போடுகிறது. நூறு பசு நிற்கும் கொட்டகையில் இது தினமும் கிட்டத்தட்ட 7 டன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குளிர்காலத்தில் நிலம் இறுகி உறைந்துவிடும். அப்போது வயலில் கொட்டிய சாணம் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே கிடந்து, பனி உருகும்போது உருகிய நீரோடு ஓடையில் கலக்கும். அதிலுள்ள மணிச்சத்து ஏரிகளில் நீலப்பச்சைப் பாசியை வளர்க்கிறது. தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்குகிறது. மாநிலத்தின் கிழக்கே உள்ள கெவானி மாவட்டத்தில் வெடிப்பு விழுந்த டோலமைட் பாறையின் மேல் மண் மெல்லிய போர்வையாகத்தான் படிந்திருக்கிறது. அங்கே வீட்டுக் கிணறுகளே கெட்டிருக்கின்றன. குளிர்காலம் முடியும்வரை சாணத்தைத் தேக்கிவைக்க நல்ல தொட்டி வேண்டும். அந்தச் செலவைச் சிறு பண்ணை தனியாகத் தாங்க முடியாது. அதனால் அரசும் ஒரு பங்கு ஏற்கிறது.

பணம் முக்கியமாக இரண்டு வழியில் வருகிறது. ஒன்று மத்திய அரசின் சுற்றுச்சூழல் தர ஊக்கத்திட்டம். 'ஈக்விப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது 1996-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் பிறந்தது. வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை இதை நடத்துகிறது. மற்றொன்று மாநில நிதி. மாவட்ட நிலப் பாதுகாப்பு அலுவலகம் வழியாக இது கிடைக்கும்.

மாநில நிதிக்குப் பின்னால் உள்ள விதியைப் பண்ணையாளர் தெரிந்துவைத்திருப்பது அவசியம். சாணத் தொட்டி வழியக்கூடாது, நீர்நிலைக்கு அருகில் சாணத்தைத் தடுப்பின்றிக் குவிக்கக்கூடாது, தொழுவத்து அழுக்கு நீர் நேராக ஓடையில் விழக்கூடாது, கரையில் புல்லே நிற்காத அளவுக்கு மாடுகளை நீரில் இறங்க விடக்கூடாது என்று மாநிலம் நான்கு தடைகளை வைத்திருக்கிறது. ஏற்கெனவே நடந்துவரும் பண்ணை இவற்றுக்காகக் கட்டுமானம் செய்ய வேண்டுமானால், செலவில் குறைந்தது 70 சதவீதம் தர அரசு முன்வந்த பிறகே பொதுவாகக் கட்டாயப்படுத்த முடியும். பொருளாதார நெருக்கடி உண்டென்று நிரூபித்தால் அது 90 சதவீதம் ஆகும். எனவே இந்தத் தடைகளைக் காட்டி அறிவிப்புக் கடிதம் வந்தால் பதற வேண்டாம். செலவுப் பங்கை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஏறத்தாழ 700 கறவைப் பசுக்களுக்கு மேல் வைத்து, உரிமத்தின் கீழ் இயங்கும் பெரிய பண்ணைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஈக்விப் பணத்துக்கு முதல் வேலை, வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமையில் பதிவு எண் வாங்குவது. நில உரிமைப் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், வருமானச் சான்று, மண் அரிப்புக்கு உள்ளாகும் நிலத்தையும் ஈரநிலத்தையும் கெடுக்கவில்லை என்று உறுதிகூறும் ஏடி-1026 படிவம் ஆகியவை வேண்டும். சராசரி ஆண்டு வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் பொதுவாகத் தகுதி கிடையாது. குத்தகை நிலமாக இருந்தால், மானிய ஒப்பந்தம் ஓடும் காலம் முழுவதும் நிலம் கைவசம் இருக்கும் என்று காட்ட வேண்டும். பல விண்ணப்பங்கள் இங்கேதான் தேங்கும் என்பதால் இதை முன்கூட்டியே முடித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது இயற்கை வளப் பாதுகாப்புச் சேவையின் திட்ட அலுவலரைப் பண்ணைக்கு வரவழைப்பது. முடிந்தால் மழை பெய்யும் நாளில் அவரோடு தொழுவத்தைச் சுற்றி நடக்க வேண்டும். கூரையின் விளிம்பில் நின்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்: தகரத்திலிருந்து வடியும் சுத்தமான தண்ணீர் மாடுகள் மிதித்த சேற்றில் விழுந்து, காபி நிறமாகி, வேலி இடுக்கில் புகுந்து சரிவில் இறங்கும். 1,000 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 25,000 லிட்டர் நீர் கொட்டுகிறது. கூரைவாய்க்காலும் குழாயும் போட்டு அதை ஒதுக்கிவிட்டால், தேக்கவேண்டிய அழுக்கு நீர் அந்த அளவுக்குக் குறையும். தொட்டியும் சிறியதாகப் போதும். மானியத்தில் இதற்கும் இடம் உண்டு. தொட்டியின் அளவை முடிவு செய்யும் முன் கூரைநீரை ஒதுக்குவதே சரியான வரிசை.

பிறகு சத்து மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். முழுமையான திட்டம் இல்லாமல் சாணத் தொட்டிக்கு ஈக்விப் பணம் வராது. எந்த வயலுக்கு, எந்தப் பயிருக்கு, எந்த மாதத்தில், எவ்வளவு சாணம் என்பதை இது சொல்லும். இதற்காக 4 ஆண்டுக்கு ஒருமுறை மண் பரிசோதனை செய்ய வேண்டும். சாணத்தின் சத்தையும் ஆய்வகத்தில் அளப்பது நல்லது. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஸ்னாப்பிளஸ்' மென்பொருளில் இந்தக் கணக்கைப் போடலாம். உரிய பயிற்சி முடித்த பண்ணையாளர் தன் திட்டத்தைத் தானே எழுதவும் அனுமதி உண்டு. தன் வயலைத் தானே கணக்கிட்டவருக்கு அந்தத் திட்டம் அலமாரிக் காகிதமாகத் தூங்காது.

சிபிஏ-1200 என்ற விண்ணப்பத்தை ஆண்டு முழுவதும் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாநிலமும் ஒரு கெடு தேதி குறித்து, அதுவரை வந்தவற்றுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும். நீர்நிலைக்கு எவ்வளவு நன்மை கிடைக்கும் என்பது அதில் முக்கிய அளவுகோல். வெறும் தொட்டி கேட்பதைவிட, கூரைவாய்க்கால், ஓடைக்கரை வேலி, வடிகட்டும் புல்வரப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கேட்கும் திட்டம் தண்ணீருக்கும் நல்லது. இந்த ஆண்டு தேர்வாகாத விண்ணப்பத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கக் கேட்கலாம்.

தேர்வானது தெரிந்ததும் மண்வெட்டும் இயந்திரத்தை வரச்சொல்லும் ஆசை வரும். அங்கேதான் பெரிய இழப்பு நேர்கிறது. ஒப்பந்தத்தில் அரசின் கையெழுத்து விழுவதற்கு முன் தொடங்கிய வேலைக்கு, முன்கூட்டியே எழுத்தில் விலக்குப் பெற்றிருந்தாலொழிய, பணம் கிடையாது.

தொகையையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஈக்விப் 75 சதவீதம் வரை தரும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், வருமானம் குறைந்தவர், முன்னாள் படைவீரர் போன்றோருக்கு 90 சதவீதம் வரை. ஆனால் இந்தச் சதவீதம் பண்ணையாளரின் பில்லுக்கு அல்ல, அரசு போட்டுவைத்த மதிப்பீட்டு விலைக்கு. மதிப்பீடு 2,00,000 டாலர் என்றால் அரசின் பங்கு 1,50,000. உண்மையில் 2,60,000 செலவானால் மீதி 1,10,000 பண்ணையாளர் கையிலிருந்து போகும். ஒப்பந்தக்காரரிடம் விலைப்புள்ளி வாங்கிப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். 2018 வேளாண் சட்டத்தின்படி ஒருவருக்கு உச்சவரம்பு 4,50,000 டாலர். மாநில நிதியையும் சேர்த்துப் பெறலாம் என்றாலும் இரண்டும் சேர்ந்து மொத்தச் செலவைத் தாண்டக்கூடாது.

கட்டுமானத்துக்கு முன் சோதனைக் குழி தோண்டி, பாறையும் நிலத்தடி நீரும் எந்த ஆழத்தில் உள்ளன என்று பொறியாளர் பார்ப்பார். மாவட்ட அனுமதி தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் ஊற்றும் முன், ஆய்வாளரை அழைப்பது முக்கியம். மூடிப்போன கம்பியின் இடைவெளியைப் பிறகு யாரும் அளக்க முடியாது.

இது பின்னேற்பு மானியம். வேலை முடிந்து, தரநிலைப்படி இருக்கிறது என்று சான்று கிடைத்த பிறகே பணம் வரும். இடைக்காலத்துக்கு வங்கிக் கடன் பேசிவைக்க வேண்டும். ஈக்விப்பில் 90 சதவீதம் பெறும் பிரிவினர் குறைந்தது பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கலாம். அதை 90 நாளில் செலவிட வேண்டும். மானியம் வரிக்கணக்கில் வருமானமாகத் தெரிவிக்கப்படும் என்பதால் கணக்காளரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

தொட்டியை 15 ஆண்டு பராமரிக்கும் பொறுப்பு பண்ணையாளருடையது. உள்ளே நட்ட அளவுக்கோலில் உச்சக்குறியைத் தொடும் முன் வெளியேற்ற வேண்டும். சாணத்தைக் கலக்கும்போது எழும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும். வேலியும் எச்சரிக்கைப் பலகையும் கழன்றுபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வயலுக்கு எவ்வளவு சென்றது என்ற குறிப்பேட்டை அன்றன்றே எழுதுவது உத்தமம். ஒப்பந்தக் காலத்தில் நிலத்தை விற்றால், வாங்குபவர் பொறுப்பை ஏற்பதாக எழுத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பெற்ற தொகையைத் திருப்பிக் கட்ட நேரலாம்.