மீண்டவர் மனை – ஒரு நோக்கு

பிரிவைப் பற்றித் தமிழ் பேசியது போல வேறெந்த மொழியும் பேசியிருக்குமா என்பது ஐயமே. பாலைக்குப் பிரிதலும் முல்லைக்கு இருத்தலும் உரிப்பொருளாயின. தலைவன் போன வழியின் வெம்மையையும், தலைவி நாள் எண்ணி ஒற்றிய சுவரையும், கார்காலம் கண்டு அவள் கலங்கியதையும் நாம் வகுப்பறையில் மூன்றாண்டுகள் படிக்கிறோம். ஆனால் போனவன் திரும்பி வந்து, கைகால் கழுவி, வீட்டினுள் நுழைந்த பின்னர் என்ன நடந்தது? மறுநாள் காலையில் அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? இவ்வினாவுக்கு விடை தேடினால் இலக்கியம் சற்றே வாய் சுருக்கிக் கொள்கிறது. அவ்விடைவெளியைத் தொட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுத எனக்குள்ள தகுதி நூலறிவு மட்டுமன்று. இக்கல்லூரியில் சேருமுன் ஓராண்டுக் காலம் சார்ஜாவில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்துத் திரும்பியவன் நான். எங்கள் தெருவில் மட்டும் என்னைப் போல் மீண்டவர் நால்வர் உளர். எனவே இது பாதி ஏட்டிலிருந்தும் பாதி வீட்டிலிருந்தும் எழுதப்படுவது.

தொல்காப்பியர் இட்ட எல்லை

தொல்காப்பியர் கற்பியலில் பிரிவுக்குக் காலவரையறை கூறுகிறார். கல்வியின் பொருட்டுப் பிரிந்தால் மூன்றாண்டைக் கடத்தல் ஆகாது. வேந்தனுக்குரிய தொழிலாயின் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். ஏனைய பிரிவுகளுக்கும் அந்த ஓராண்டே எல்லை. பொருள் தேடப் பிரிவதும் இதனுள் அடங்கும். இதனைப் படித்த நாளில் எனக்கு வியப்பே ஏற்பட்டது. வளைகுடா நாடுகளில் இன்று பெரும்பாலும் எழுதப்படும் ஒப்பந்தம் இரண்டாண்டுக்குரியது. விடுமுறையும் விமானச் சீட்டும் அதன் பின்னரே. தொல்காப்பியர் வரைந்த எல்லையைப் போல இரு மடங்கு! இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே ஓராண்டு என்ற கணக்கைப் போட்டவர், வீடு என்பது எத்தனை நாள் ஒருவனுக்காக இடம் விட்டுக் காத்திருக்கும் என்பதை ஆய்ந்துதான் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. உரையாசிரியர்கள் இக்காரணம் கூறவில்லை. இது என் கருத்து.

ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியைப் பேயனார் பாடினார். அதன் இறுதிப் பத்துக்கு ‘வரவுச் சிறப்புரைத்த பத்து’ என்று பெயர். தலைவன் வந்தான், கார்காலமும் உடன் வந்தது, மகிழ்ச்சி. அத்துடன் நூலே முடிந்துவிடுகிறது. ஆனால் அதே பேயனார் முல்லையைத் தொடங்கும்போது ‘செவிலி கூற்றுப் பத்து’ என ஒன்று வைத்திருக்கிறார். மகளின் மனைக்குச் சென்று வந்த செவிலி, தான் கண்டதைச் சொல்கிறாள். கணவன், மனைவி, நடுவில் மகன். மானும் பிணையும் குட்டியும் போல என்கிறாள். பெரிய செய்தி எதுவும் இல்லை. வீட்டில் மூவரும் ஓரிடத்தில் படுத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதைப் போய்ச் செய்தி என்று சொல்ல ஒரு செவிலி வேண்டுமா என்று நான் முன்பு எண்ணியதுண்டு. ஓராண்டு எட்டுப் பேர் அறையில், இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துறங்கியவனுக்கு அது செய்திதான்.

நம் பக்கத்து வரலாறு

தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்திற்குக் கடல் கடந்த வாழ்வு புதிதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இவ்வூர்களின் இசுலாமியக் குடும்பங்கள் சிங்கப்பூர் சென்று தஞ்சோங் பகார் பகுதியில் வாழ்ந்தன. அங்கே 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினர். 1946இல் அவர்கள் நிறுவிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. கவனிக்க வேண்டியது, அவர்களிற் பலர் குடும்பத்தோடு சென்று குடியேறினர் என்பது. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பின் தொடங்கிய வளைகுடாப் பயணம் வேறு வகை. அங்கே தொழிலாளி குடியேற முடியாது. குடும்பத்தை அழைத்துக் கொள்ளும் அளவுக்குச் சம்பளமும் இல்லை. போவதே திரும்பி வருவதற்காகத்தான். 2015இல் எடுக்கப்பட்ட தமிழ்நாட்டுப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, நம் மாநிலத்தார் சுமார் 22 இலட்சம் பேர் அயல்நாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களுள் வளைகுடாவில் உடலுழைப்புத் தொழிலாளராய் இருப்போர் அனைவரும் ஒரு நாள் இங்கே திரும்பி வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டியவர்களே. 2020 மே மாதம் ‘வந்தே பாரத்’ விமானங்கள் தொடங்கியபோது அந்த ஒரு நாள் பலருக்குச் சேர்ந்தாற் போல் வந்துவிட்டது.

ஆல்பிரட் சுட்சு சொன்னது

வியன்னாவில் பிறந்து 1939இல் அமெரிக்கா சென்று குடியேறிய சமூகவியல் அறிஞர் ஆல்பிரட் சுட்சு, 1945இல் ‘வீடு திரும்புபவன்’ என்ற கட்டுரையை வெளியிட்டார். போரிலிருந்து வீரர்கள் ஊர் திரும்பிக் கொண்டிருந்த காலம். கிரேக்கக் காவியத்தின் ஒடிசியசு இருபதாண்டு கழித்துத் தன் தீவில் இறங்கும்போது அவ்விடத்தையே அடையாளம் காண இயலாமல் திகைத்த நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறார். அயலூருக்குப் புதிதாகப் போகிறவன் அங்கே எல்லாம் புதிதாக இருக்கும் என்று அறிந்தே போகிறான். திரும்பி வருகிறவனோ எல்லாம் பழைய படியே இருக்கும் என்று நம்பி வருகிறான். ஆகவே அவன் அதிர்ச்சிதான் பெரிது. வீட்டார்க்கும் அப்படியே. போன மகனே வருவான் என்று எதிர்பார்க்கிறார்கள். வருகிறவன் வேறு ஆள். இதுவே சுட்சு கருத்தின் சாரம். கடிதம் இந்த இடைவெளியை அடைக்காது என்றும் அவர் கருதினார். நாம் காணொளி அழைப்பு அடைக்கும் என்று நம்புகிறோம். இனி நான் கண்டதைச் சொல்கிறேன்.

வந்த பின்

முதல் வாரம் பெட்டியின் வாரம். திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆரியங்காவு, செங்கோட்டை வழியாக வண்டி ஊர் வந்து சேரும்போது வீட்டில் பத்துப் பேராவது இருப்பார்கள். கோடாலித் தைலம், செண்டு பாட்டில், பால் பவுடர், பேரீச்சை, பிள்ளைகளுக்கு மிட்டாய். யாருக்கு எது என்பது வருகிறவன் மனத்தில் ஒரு கணக்கு, அம்மா மனத்தில் வேறு கணக்கு. அம்மாவின் கணக்கே வெல்லும். ஓராண்டாக உறவைக் காத்தவள் அவளல்லவா? ஒரு வாரத்தில் பெட்டி காலியாகிப் பரணில் ஏறிவிடும். அதன் பிறகுதான் வாழ்க்கை தொடங்குகிறது.

முதலில் நேரம் இடித்தது. அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால் ஓடும். அது நான்கு நாளில் சரியாகிவிடும். சரியாகாதது வேறு நேரம். வீட்டில் குழாய்த் தண்ணீர் எந்த நாள் வரும், ரேஷன் கடையில் எந்த நாள் சீனி போடுவார்கள், அம்மா பீடிக்கட்டுகளை எந்த நேரம் கொண்டு போய்க் கொடுப்பாள், மகளிர் குழுத் தவணை என்றைக்கு என்பவற்றைக் கொண்டு ஓடும் நேரம் அது. நம் வட்டாரத்தில் பீடி சுற்றாத தெரு அரிது. சுளகை மடியில் வைத்து இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி அம்மாவும் தங்கையும் உட்கார்ந்திருக்க, நான் எங்கே உட்கார்ந்தாலும் யாருடைய கைக்கோ இடைஞ்சலாயிற்று. “செத்த நேரம் வெளிய போய்ட்டு வாயேன்யா” என்பாள் அம்மா. வெறுப்பில் சொன்னதன்று. ஓராண்டில் அந்த இடத்தை இலைக்கட்டு பிடித்துக் கொண்டது.

கேரளத்துப் பெண்களைப் பற்றி லீலா குலாத்தி அம்மையார் எழுதிய ‘ஆண்கள் இல்லாதபோது’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல் 1993இல் வந்தது. கணவன் வளைகுடா சென்ற பின் வங்கிக்குப் போகவும், வீடு கட்டவும், கடன் அடைக்கவும் பெண்கள் எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்பதை அது கூறுகிறது. நம் பக்கத்து நிலை சற்று வேறு என்று நான் கருதுகிறேன். பீடிக் கூலியாலும் மகளிர் குழுவாலும் நம் தாய்மார்கள் முன்பே வரவு செலவு அறிந்தவர்கள். ஆண் போன பின் அவர்கள் புதிதாக எதையும் கற்கவில்லை. முன்பு அவனைக் கேட்பது போல் ஒரு பாவனை செய்தார்கள், இப்போது அந்தப் பாவனையை விட்டார்கள். திரும்பி வந்தவனுக்கு வலிப்பது அந்தப் பாவனை இல்லாமற் போனதுதான். என் சிற்றப்பா நான்காண்டு கழித்துச் சவூதியிலிருந்து வந்தவர். சித்தி கூரைக்குத் தகரம் மாற்றியிருந்ததைப் பார்த்துவிட்டு, “யாரைக் கேட்டு மாத்துன?” என்றார். சித்தி சிரித்தபடி, “மழையைக் கேட்டு” என்றாள். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அவருடைய சின்ன மகளோ, நான்காம் நாள், அவர் காதுபடவே, “அப்பா எப்பம்மா போவாவ?” என்று கேட்டது. அது குறையாகக் கேட்டதன்று. போகிறவர்தான் அப்பா என்று அது அறிந்திருந்தது.

இனி நான் முக்கியமெனக் கருதுவது ஒன்று. அயல்நாட்டு வாழ்வு இருபுறமும் ஒரு மறைப்பைக் கட்டி வளர்க்கிறது. நாள்தோறும் முகம் பார்த்துப் பேசினோம். “நல்லா இருக்கியா?” “நல்லா இருக்கேன். நீங்க?” “இங்க ஒரு கொறையும் இல்ல.” நான் வேலை பார்த்த நிறுவனம் மூன்று மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருந்ததை வீட்டில் சொல்லவில்லை, உடன் தங்கியிருந்தவர்களிடம் கடன் வாங்கி அனுப்பினேன். இடைநாளில் அந்நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்து, இரண்டாண்டு ஒப்பந்தம் ஓராண்டோடு முடிந்தபோது, “லீவு கெடச்சிருக்கு” என்றுதான் சொன்னேன். வந்த பின்னர் ஒவ்வொன்றாக அவர்கள் மறைத்தது வெளிவந்தது. என்னை அனுப்ப ஆன ஒரு லட்சம் ரூபாய் அப்பாவின் சேமிப்பு என்று நம்பியிருந்தேன். அம்மாவின் கழுத்துச் சங்கிலியும் ஆச்சியின் பாம்படமும் வங்கியில் இருந்தன. மாதம் பதின்மூவாயிரம் அனுப்பினேன். அதில் பெரும்பகுதி ஒன்பது மாதம் நகைக்கடனுக்கே போயிற்று. சங்கிலி திரும்பி வந்தது. பாம்படம் வந்தபோது அதைப் போட்டுக்கொள்ள ஆச்சி இல்லை. ஆடி மாதத்தில் ஆச்சி இறந்ததை எனக்கு மூன்று வாரம் கழித்தே சொன்னார்கள். “காய்ச்சல்ல படுத்திருக்கா, பேச முடியல” என்று இருபது நாள் சொல்லிவந்தார்கள்.

“ஏன் சொல்லல?” என்று ஊர் வந்த பின் ஒரு நாள் கேட்டேன்.

“சொன்னா நீ அங்க கெடந்து அழுவ. வரவும் முடியாது. நீ மட்டும் எல்லாத்தையும் சொன்னியாக்கும்?” என்றாள் அம்மா, சுளகிலிருந்து தலை நிமிராமலே.

சுட்சின் கட்டுரையில் இது இல்லை. காலமும் அனுபவமும் வேறுபட்டதால் திரும்பியவனும் வீடும் அயலாகிறார்கள் என்பது அவர் கருத்து. என் வீட்டில் நடந்ததை வைத்துப் பார்த்தால், ஒருவரையொருவர் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய்களாலும் அயலாகிறார்கள். அன்றாடம் பேச வசதி இருப்பதால் அன்றாடம் பொய் சொல்லவும் வேண்டியதாகிறது. முன்பு பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம் போன காலத்தில் ஒரு பொய் பதினைந்து நாள் தாங்கியது. 1970களில் கேரளத்து மாப்பிளைப் பாடலாசிரியர் எஸ்.ஏ. ஜமீல் இயற்றிய ‘துபாய்க் கடிதப் பாட்டு’ அவ்வளவு பரவியதற்குக் காரணம், அதில் மனைவி கணவனுக்கு மறைக்காமல் எழுதியதே என்று நினைக்கிறேன். மறைப்பதே வழக்கமாயிருந்த இடத்தில் அது துணிச்சல்.

இந்த மறைப்புகள் கழல ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. மிளகாய் கிள்ளும்போது ஒன்று, மின்சாரம் போன இரவில் ஒன்று என்று வந்தன. அறையில் முறை வைத்துச் சமைத்துப் பழகியதால் ஒரு ஞாயிறன்று நானே குழம்பு வைத்தேன். அப்பா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “அங்க நீதான் பொங்குவியோ?” என்று கேட்டார். ஆமென்றேன். “எத்தனை பேருக்கு?” எட்டுப் பேருக்கு என்றேன். கிடங்கில் மூட்டை தூக்கியதைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வியும் அதன் பின்னர்தான் வந்தது. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடலொன்றில், புகை கண்ணில் படத் தலைவி துழாவிய புளிக்குழம்பைத் தலைவன் இனிதென்று உண்டதைச் செவிலி சொல்வாளே, அதை வகுப்பில் கேட்டபோது எனக்கு அப்பாவின் முகம் வந்தது. அங்கே சமைத்தவள் பெண், இங்கே நான், வேறுபாடு அவ்வளவே.

சிற்றப்பா கடந்த ஆவணியில் மறுபடியும் சவூதி போய்விட்டார். போகுமுன் சித்தியை வங்கிக்கு அழைத்துச் சென்று, இனி வரும் பணம் முழுதும் அவள் கணக்குக்கே வரும்படி எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, பின்கட்டில் ஒழுகும் தகரத்தைக் காட்டி, “இதையும் மாத்திரு, என்னைக் கேக்காண்டாம்” என்றார். அதை மாற்றவில்லை. அவர் வரட்டும் என்று வைத்திருக்கிறாளாம்.