ஒற்றை நாசியில் வழிந்த நீர்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று புழுதியை வாரிக்கொண்டு வீசத் தொடங்கிவிட்டால் மூக்கு ஒழுகாத குழந்தையைக் காண்பது அரிது. தடுமம் பிடித்திருக்கிறது என்று சொல்லி, சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்து, அத்தோடு கவலையை விட்டுவிடுவது எங்கள் வீடுகளின் வழக்கம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதுமானதும்கூட. ஆயினும் என் பேரனுக்கு நேர்ந்த அபூர்வமான வியாதியும், அதற்கு மூக்கின் வழியாகவே செய்யப்பட்ட சஸ்திர சிகிச்சையும் எனக்குக் கற்பித்த விஷயங்கள் பிள்ளைகளை வளர்க்கும் பிறருக்கும் உதவக்கூடும் என்ற நம்பிக்கையால் இதை எழுதுகிறேன்.

அவனுக்கு மூளைக்காய்ச்சல் ஒருமுறை வந்து குணமாகி, மறுபடியும் வந்தபோதுதான் திருநெல்வேலியில் அவனைப் பார்த்த குழந்தை மருத்துவர், மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, “ஏம்மா, மூக்கு ரெண்டு பக்கமும் ஒழுகுதா, ஒரு பக்கம் மட்டுந்தானா?” என்று என் மருமகளைக் கேட்டார். “வலது பக்கம் மட்டுந்தான் டாக்டர். குனிஞ்சு கோலிக்குண்டை எடுத்தான்னா சொட்டுச் சொட்டா விழும், கைக்குட்டை காஞ்சாலும் விறைக்காது” என்று அவள் பதில் சொன்னாள். சளி பட்ட துணி காய்ந்தால் மொடமொடப்பாகும். அந்தத் துணியோ வெறும் தண்ணீரில் நனைந்து காய்ந்ததுபோல் மெதுவாகவே இருந்தது. தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்று பையன் அடிக்கடி சொல்லிவந்ததற்கும் அப்போதுதான் பொருள் விளங்கிற்று.

மூக்கின் கூரைக்கும் மூளைக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய எலும்பு. வாசனையை உணரும் நரம்பிழைகள் கீழே இறங்குவதற்காக அதில் சல்லடைபோல் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அந்த இடத்திலோ அதன் அருகிலோ பிறவியிலேயே ஒரு பிளவு இருந்துவிட்டாலும், தலையில் அடிபட்டு எலும்பு விண்டுபோனாலும், மூளையைச் சூழ்ந்திருக்கும் நீர் மூக்கில் கசிகிறது. வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் ஊறும் நீர் அது. ஆகவே பிறவிப் பிளவினால் வரும் கசிவு தானாக வற்றிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நீர் இறங்கும் வழியே மூக்கிலுள்ள கிருமிகளுக்கு, முக்கியமாக நியூமோகாக்கஸ் என்னும் கிருமிக்கு, ஏறும் வழியாகிவிடுகிறது. மருந்து காய்ச்சலைத் தணிக்கும், துவாரத்தை அடைக்காது. மூளைக்காய்ச்சல் இரண்டாம் முறை வந்த எந்தக் குழந்தைக்கும் இப்படியொரு துவாரம் இருக்கிறதா என்று தேடிப்பார்க்கும்படி பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும் என்பதே நான் எல்லாவற்றிலும் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

சில குழந்தைகளுக்கு அந்தப் பிளவின் வழியே மூளையின் உறையும், சமயத்தில் மூளையின் ஒரு பகுதியுமே பிதுங்கி இறங்கி, மூக்கினுள் சதை வளர்ந்ததுபோல் தோன்றுவதுண்டு. குழந்தை அழும்போது அது பருக்குமானால் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் முன் அதைக் கிள்ளிச் சோதிக்கவோ வெட்டவோ ஒருபோதும் சம்மதிக்கலாகாது. வழியும் நீரைச் சிறு குப்பியில் பிடித்துக் கொடுத்தால், பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்த்து அது மூளைநீர்தானா என்பதைச் சொல்லிவிடுகிறார்கள். எலும்பின் பிளவை சி.டி. ஸ்கேனும், பிதுங்கி வந்தது இன்னதென்பதை எம்.ஆர்.ஐ.யும் காட்டுகின்றன.

மதுரையில் சிகிச்சை என்று முடிவானபோது, தலையைத் திறப்பார்களோ என்ற அச்சமே எங்களை உறங்கவிடவில்லை. அந்த அச்சம் காரணமற்றதும் அன்று. 1926இல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி இத்தகைய கசிவை முதன்முதலில் அடைத்தது மண்டையோட்டைத் திறந்துதான். 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னையில் பி. ராமமூர்த்தியும் நம் நாட்டில் மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிவைத்த காலத்திலும் பெரும்பாலும் அதுவே வழி. அதில் மூளையின் முன்பகுதியைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். வாசனை அறியும் சக்தி போய்விடுவதும் உண்டு. 1981இல் ஜெர்மனியில் விகாண்ட் என்பவர் எண்டோஸ்கோப்பை மூக்கினுள் செலுத்திக் கசிவை அடைத்ததை வெளியிட்ட பிறகுதான் இந்த வேறு மார்க்கம் படிப்படியாகப் பரவிற்று.

பெரியவர்களுக்கு 4 மில்லிமீட்டர் எண்டோஸ்கோப் குழலைக் கையாளும் அறுவையாளர்கள், குழந்தையின் குறுகிய நாசிக்கு 2.7 மில்லிமீட்டர் குழலைத் தேர்ந்துகொள்வதுண்டு. தொடையிலிருந்து எடுத்த கொழுப்பையும் தசையுறையையும் துவாரத்தில் பொதித்து, மூக்கின் உட்சவ்விலிருந்தே ஒரு பகுதியை அதன்மேல் போர்த்தி ஒட்டுகிறார்கள். பேரனின் முகத்தில் தழும்பு ஏதுமில்லை. தொடையில் மட்டும் ஒரு சிறு கோடு இருக்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் இம்முறை பொருந்திவிடாது, பெரிய பிளவுகளுக்கு மேலிருந்தும் திறக்க நேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கு இதைச் செய்து பழகியவர்கள் எவர் என்று கேட்டறிந்து செல்வதே உத்தமம். செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுமா என்பதை, அனுமதி பெறுவதற்கு முன்பே ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிட வேண்டும்.

வீடு திரும்பிய பிறகுதான் எங்கள் பொறுப்பு பெரிதாயிற்று. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மலச்சிக்கலால் முக்க நேரக் கூடாது, தலைமாட்டை உயர்த்திப் படுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழா அந்தச் சமயத்தில்தான் வந்தது. ரத வீதியெங்கும் பலூனும் பீப்பியுமாகப் பிள்ளைகள் திரிய, ஊதுவது எதுவும் ஆகாது என்று விலக்கப்பட்டிருந்த பேரன் அழுத அழுகையை ஒரு வண்ணப் பம்பரத்தைக் காட்டித்தான் ஆற்ற முடிந்தது. கோமதி அம்மன் சந்நிதிப் புற்றுமண்ணை அவன் நெற்றியில் இட்டு என் மனைவி ஆறுதல் அடைந்தாள், அதற்குத் தடையில்லை. ஆனால் எண்ணெயோ பச்சிலைச் சாறோ எதுவாயினும், அறுவையாளர் சொல்லாத ஒன்றை மூக்கில் விடலாகாது.

நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டு அரசால் கைக்குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. முன்னரே பிறந்து அது கிடைக்காத பிள்ளைகளுக்கு இத்தகைய குறை இருந்தால் தனியே கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சலுடன் வாந்தி, தலைவலி, கழுத்து விறைப்பு, அசாதாரணமான உறக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும், நாசியில் நீர் மறுபடி தெளிந்து சொட்டினாலும், விடியட்டும் என்றிராமல் புறப்பட வேண்டும்; திருநெல்வேலி எங்களுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். பின்னாளில் வேறு ஏதாவது நோய்க்காக எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், மூக்கின் வழியே குழாய் செருகும் முன் இந்த அறுவையைப் பற்றி அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருப்பது அவசியம் என்பதால், மருத்துவமனை கொடுத்த சுருக்கக் குறிப்பின் நகல் ஒன்றை அவனுடைய பள்ளி ஆசிரியையிடமும் கொடுத்துவைத்திருக்கிறோம்.