கணினித் திரையின் பின்னணிப் படம்: தெரிவும் பாதுகாப்பும்

கணினியை இயக்கியதும், ஐகான் எனப்படும் சிறு படக்குறிகளுக்குப் பின்னால் திரை முழுவதும் தெரிவது பின்னணிப் படம். வால்பேப்பர் என்றும் டெஸ்க்டாப் பேக்கிரவுண்ட் என்றும் இதனை அழைப்பர். இதனை வெறும் அலங்காரமாகக் கருதுவோர் பலர். ஆயினும், திரையிலுள்ள பெயர்களைச் சிரமமின்றி வாசிப்பதற்கும், குடும்ப விவரங்கள் பிறர் கண்ணில் படாமல் காப்பதற்கும், கணினிக்கு நேரும் தீங்கை விரைவில் உணர்வதற்கும் இந்தச் சிறிய அமைப்பு துணைபுரிகிறது.

இப்பாடம் விண்டோஸ் 11 இயங்கும் கணினியை அடிப்படையாகக் கொண்டது. விண்டோஸ் 10 கணினியிலும் படிமுறைகள் ஏறத்தாழ இவையே. ஆனால் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்துவிட்டது என்பதைக் கவனத்திற் கொள்ளுங்கள். கீழே மேற்கோள் குறிகளுக்குள் தரப்பட்டிருப்பவை, திரையில் ஆங்கிலத்தில் தோன்றும் சொற்களின் ஒலிவடிவங்களாகும்.

படத்தை மாற்றும் முறை

1. விண்டோஸ் விசையையும் டி விசையையும் ஒருசேர அழுத்துங்கள். திறந்திருக்கும் சாளரங்கள் யாவும் ஒதுங்கி, முகப்புத் திரை தெரியும்.
2. ஐகான் இல்லாத வெற்றிடத்தில் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, “பெர்சனலைஸ்” என்பதைத் தெரிவு செய்யுங்கள்.
3. “பேக்கிரவுண்ட்” என்பதைத் திறவுங்கள். அங்கே நான்கு தெரிவுகள் உண்டு. “பிக்சர்” ஒரே படத்தை வைக்கும். “சாலிட் கலர்” ஒரே நிறத்தை வைக்கும். “ஸ்லைட்ஷோ” பல படங்களை மாறி மாறிக் காட்டும். “விண்டோஸ் ஸ்பாட்லைட்” மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இணையவழி அனுப்பும் புதுப்புதுப் படங்களைக் காட்டும்.
4. உங்கள் சொந்தப் படத்தை வைக்க விரும்பினால், “பிக்சர்” என்பதைத் தெரிவு செய்து, “பிரவுஸ் ஃபோட்டோஸ்” பொத்தானை அழுத்திப் படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆப்பிள் மேக் கணினி வைத்திருப்போர் “சிஸ்டம் செட்டிங்ஸ்” பகுதியில் “வால்பேப்பர்” என்பதைத் திறக்க வேண்டும்.

படம் திரைக்குப் பொருந்துதல்

கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த குடும்பப் படத்தைப் பின்னணியாக வைத்தால், தலைகள் வெட்டுண்டு தோன்றுவது வழக்கம். படத்தில் பிழையில்லை, திரை அகலமானது, படமோ உயரமானது. உதாரணமாக, 3000 புள்ளி அகலமும் 4000 புள்ளி உயரமும் கொண்ட படம், 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட திரையை நிரப்பும்போது, அதன் உயரத்தில் ஏறத்தாழ 42 விழுக்காடே தெரியும். எஞ்சிய பகுதி மேலும் கீழும் மறைந்துவிடும்.

இதனைச் சீர்செய்ய, “சூஸ் எ ஃபிட்” எனத் தொடங்கும் வரியைத் திறந்து பாருங்கள். “ஃபில்” என்பது திரையை நிரப்பி, மிகுதியை வெட்டும். “ஃபிட்” என்பது படத்தை வெட்டாமல் முழுமையாகக் காட்டி, இருபுறமும் வெற்றுப் பட்டைகளை விடும். “ஸ்ட்ரெச்” என்பது படத்தை இழுத்து நிரப்புவதால் முகங்கள் அகன்று தெரியும். “டைல்” என்பது சிறிய படத்தைத் தரையோடுகளைப் போல அடுக்கும். “சென்டர்” என்பது படத்தை அதன் அளவிலேயே நடுவில் வைக்கும். “ஸ்பான்” என்பது இரண்டு திரைகளை இணைத்திருப்போருக்கு உரியது.

நிமிர்ந்த குடும்பப் படத்திற்கு “ஃபிட்” மிகவும் ஏற்றது. முதலில் “சாலிட் கலர்” பகுதியில் கருநீலம் போன்ற அடர்நிறம் ஒன்றைத் தெரிவு செய்துவிட்டு, அதன்பின் “பிக்சர்” பகுதிக்குச் சென்று படத்தை வையுங்கள். பக்கப் பட்டைகள் அந்த நிறத்தைப் பெறும். ஐகான்கள் இடப்புறப் பட்டையின்மேல் நிற்பதால், படமும் முழுமையாகத் தெரியும். பெயர்களும் தெளிவாகத் தெரியும்.

எழுத்துத் தெளிவு

படப் பின்னணியில் ஐகான்களின் பெயர்கள் வெள்ளை எழுத்தில் தோன்றும். ஆகவே, வெளிர் வானம், வெண்மணல், பல வண்ணப் பூமாலைகள், கோயிற் சிற்பங்கள் ஆகியவற்றின்மேல் அவற்றை வாசிப்பது கடினம். கண்புரை முதலிய பார்வைக் குறைபாடு உடையோருக்கு இச்சிரமம் மேலும் கூடும். தவறான ஐகானைத் திறப்பதும் வேண்டிய கோப்பைக் காணாமல் தவிப்பதும் சில வேளைகளில் இதனாலேயே நேர்கின்றன. அத்தகையோர் அடர்ந்த ஒரே நிறத்தைப் பின்னணியாகக் கொள்வது நன்று. தெய்வப் படத்தையோ குடும்பப் படத்தையோ வைக்க விரும்புவோர், மேலே கூறிய “ஃபிட்” முறையைப் பின்பற்றலாம்.

ஐகான்களைப் பெரிதாக்க, முகப்புத் திரையில் கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறு மவுஸின் சக்கரத்தை மேல்நோக்கி உருட்டுங்கள். எழுத்தை மட்டும் பெரிதாக்க, “செட்டிங்ஸ்” பகுதியில் “அக்சசிபிலிட்டி” என்பதைத் திறந்து, “டெக்ஸ்ட் சைஸ்” அளவை உயர்த்துங்கள். அது 225 விழுக்காடு வரை உயரும்.

ஒரு கணினியைக் குடும்பத்தினர் பலர் பகிர்ந்தால், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் வேறுபட்ட பின்னணியும் அமைத்துவிடுங்கள். எவருடைய கணக்கு திறந்திருக்கிறது என்பது பார்த்த அளவிலேயே விளங்கும்.

எந்தக் கோப்புறையைக் காட்டுகிறீர்கள்?

“ஸ்லைட்ஷோ” அமைப்பு, நீங்கள் காட்டும் கோப்புறையிலுள்ள படங்களை 1 நிமிடம் முதல் 1 நாள் வரையிலான இடைவெளிகளில் மாற்றிக் காட்டும். “பிக்சர்ஸ்” என்னும் பொதுக் கோப்புறையை அதற்குக் கொடுத்துவிட்டால், அங்கே சேமித்துள்ள கடவுச்சீட்டின் படமோ மருத்துவ அறிக்கையின் படமோ விருந்தினர் முன்னிலையில் திரையில் தோன்றக்கூடும். ஆகையால் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி, காட்டத்தக்க படங்களை மட்டும் அதில் இடுங்கள்.

காணொளி வழியாக மருத்துவருடனோ ஆசிரியருடனோ உரையாடி, முழுத் திரையையும் பகிரும்போது, உங்கள் பின்னணிப் படம் அவர்களுக்கும் தெரியும். பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை, வீட்டு இலக்கம், வாகன இலக்கம் ஆகியவை தெரியும் படங்களைத் தவிருங்கள். முழுத் திரைக்குப் பதிலாக, தேவையான சாளரத்தை மட்டும் பகிர்வது இன்னும் சிறந்தது. ஐகான்களை மறைக்க விரும்பினால், வெற்றிடத்தில் வலப் பொத்தானை அழுத்தி, “வியூ” பகுதியில் “ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்” என்பதன் அடையாளத்தை நீக்குங்கள். கோப்புகள் அழிவதில்லை, அடையாளத்தை மீண்டும் இட்டால் அவை திரும்பத் தோன்றும்.

பூட்டுத் திரையின் படம் வேறு அமைப்பாகும். அதனைப் “பெர்சனலைஸ்” பகுதியின் “லாக் ஸ்கிரீன்” என்பதில் மாற்றலாம். கடவுச்சொல் அறியாதவருக்கும் அது தெரியும் என்பதால், அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

இணையத்திலிருந்து படம் பெறும்போது

பின்னணிப் படம் என்பது ஜேபிஜி அல்லது பிஎன்ஜி என முடியும் சாதாரணப் படக்கோப்பேயாகும். படம் தருவதாகக் கூறும் தளம், இஎக்ஸ்இ அல்லது எஸ்சிஆர் என முடியும் கோப்பைத் தந்தால், அது படமன்று. கணினியில் இயங்கக்கூடிய நிரல். அதனைத் திறவாமல் அழித்துவிடுங்கள். கோப்புப் பெயரின் இறுதி எழுத்துகள் தெரியாவிட்டால், கோப்புறைச் சாளரத்தில் “வியூ”, “ஷோ”, “ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்” ஆகியவற்றை முறையே அழுத்துங்கள்.

பின்னணி தானாக மாறினால்

“ஸ்பாட்லைட்” அல்லது “ஸ்லைட்ஷோ” இயக்கத்தில் இருந்தால், படம் மாறுவது இயல்பு. ஆனால் பணம் கேட்கும் அறிவிப்பே பின்னணியாக மாறியிருந்தால், அது கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரலின் அடையாளமாகலாம். 2017 மே மாதத்தில் பல நாடுகளைத் தாக்கிய வானாக்ரை, கணினிகளின் பின்னணிப் படத்தை இவ்வாறே மாற்றியது.

எச்சரிக்கை எதுவும் திரையை மறைத்தால், பதற்றமின்றி விண்டோஸ் விசையையும் டி விசையையும் ஒருசேர அழுத்திப் பாருங்கள். வழமையான பின்னணியும் ஐகான்களும் தெரிந்தால், அந்த எச்சரிக்கை பெரும்பாலும் ஓர் இணையப் பக்கமே. அதிலுள்ள எண்ணை அழைக்காமல், அப்பக்கத்தை மூடிவிடுங்கள்.

பின்னணியே மாறியிருந்தால் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்:

1. வைஃபையை நிறுத்துங்கள், இணையக் கம்பியைக் கழற்றுங்கள்.
2. கைத்தொலைபேசியால் திரையைப் படமெடுத்து வையுங்கள்.
3. பணம் செலுத்தாதீர்கள், திரையிலுள்ள எண்ணை அழைக்காதீர்கள்.
4. அவுஸ்திரேலிய அரசின் இணையப் பாதுகாப்பு உதவி எண்ணான 1300 292 371 ஐ அழையுங்கள். தமிழில் பேச விரும்புவோர், 131 450 என்னும் எண்ணில் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை முதலில் அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.
5. வங்கி விவரங்களை எவருக்கேனும் கூறியிருந்தால், தாமதியாமல் வங்கிக்கு அறிவியுங்கள்.

பயிற்சி

இன்று உங்கள் கணினியில் மூன்று செயல்களைச் செய்து பாருங்கள். முதலாவதாக, நிமிர்ந்த படம் ஒன்றை “ஃபில்”, “ஃபிட்” ஆகிய இரு முறைகளிலும் வைத்து வேறுபாட்டை நோக்குங்கள். இரண்டாவதாக, வழமையாக அமரும் தூரத்தில் இருந்து எல்லா ஐகான்களின் பெயர்களையும் வாசியுங்கள். ஒன்றேனும் தெளிவாகத் தெரியாவிட்டால், பின்னணியை மாற்றுங்கள். மூன்றாவதாக, “ஸ்லைட்ஷோ” பயன்படுத்துவோர் அதற்குரிய கோப்புறையைத் திறந்து, பிறர் பார்க்கக்கூடாத படம் எதுவும் அதில் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள்.